அருகில் இருப்பவரின் மூச்சு

புகைபிடித்தல் ஹராமா, மக்ரூஹா என்ற வினாவுக்கு நம்மிடையே வயது நானூறு ஆகிறது. அமெரிக்கக் கண்டத்துப் புகையிலை ஐரோப்பியர் கப்பல்களில் கீழ்த்திசைத் துறைமுகங்களுக்கு வந்து இறங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே உலமாக்கள் அதனைப் பற்றிக் கருத்துரைக்கத் தொடங்கிவிட்டனர். பாதுஷா ஜஹாங்கீர் 1617-இல் அதனைத் தடைசெய்தார். உதுமானிய சுல்தான் நான்காம் முராத் 1633-இல் தடை விதித்து, மீறியவர்களின் உயிரையும் பறித்தார். அவர் மறைந்தபின் அத்தடையும் நிலைக்கவில்லை. திமிஷ்கு நகரத்துப் பேரறிஞர் அப்துல் கனீ அந்நாபுலுஸீ அவர்களோ, புகையிலை ஆகுமானதே என்று தனியாக ஒரு நூலே எழுதினார்கள். கடந்த நூற்றாண்டில் மருத்துவம் தெளிவு பெறப் பெற, பல நாட்டு முஃப்திகள் ஹராம் என்ற பக்கமே சாய்ந்தனர். ஆயினும் இன்றுவரை நம் ஊர்த் திண்ணைகளில் வழக்கு முடிந்தபாடில்லை. மக்ரூஹ் என்று சொன்ன ஆலிமின் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு, அவர் சொன்ன மற்றவை அனைத்தையும் மறந்துவிட்டவர்கள் நம்மிடையே பலர் உண்டு.

இந்த விவாதம் வீண் என்று நான் கூறவில்லை. ஆனால் அது பெரும்பாலும் புகைப்பவரையே சுற்றி வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அவருடைய நுரையீரல், அவருடைய காசு, அவருடைய மறுமை என்று அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அதே அறையில், அவருக்கு இரண்டு முழத் தொலைவில், பீடியைத் தொடாமல் அதன் புகையை மட்டும் உட்கொண்டிருந்த மனிதரைப் பற்றி யாரும் ஃபத்வா கேட்கவில்லை. 2008 அக்டோபர் 2 அன்று, மூடிய பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கும் விதிகள் இந்தியா முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது, சட்டம் கேட்ட கேள்வி அந்த இரண்டாவது மனிதரைப் பற்றியது. நம்மவர் அதற்கு அளித்த விடைகள் பெரும்பாலும் முதல் மனிதரைப் பற்றியவை. அன்று முதல் இன்றுவரை இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னையின் தேநீர்க் கடைகளிலும் பட்டறைகளிலும் நான் கேட்டுவரும் வாதங்களில் பெரும்பாலானவை இந்தத் தடுமாற்றத்திலிருந்தே பிறக்கின்றன.

மார்க்கம் இந்தத் தடுமாற்றத்துக்கு இடம் வைத்திருக்கிறதா என்றால், இல்லை. கைபர் வெற்றிக்குப் பின் நிகழ்ந்த ஒரு செய்தியை இமாம் முஸ்லிம் அவர்களின் ஹதீஸ் தொகுப்பு பதிவு செய்திருக்கிறது. பசித்திருந்த தோழர்கள் அங்கே விளைந்திருந்த பூண்டை உண்டுவிட்டுப் பள்ளிவாசலுக்கு வந்தனர். அதன் வாடையை உணர்ந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இதனை உண்டவர் பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்று கூறினார்கள். உடனே மக்கள், பூண்டு ஹராமாகிவிட்டது, ஹராமாகிவிட்டது என்று பேசத் தொடங்கினர். அதைச் செவியுற்ற பெருமானார் (ஸல்) அவர்கள், இறைவன் ஆகுமாக்கியதை விலக்கும் உரிமை தமக்கு இல்லை என்றும், அதன் வாடையைத் தாம் வெறுப்பதே காரணம் என்றும் விளக்கினார்கள்.

இதில் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பூண்டு ஹலால். அதை வீட்டில் உண்டவர் பாவி அல்லர். ஆயினும் மனிதர்கள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் ஓர் இடத்துக்குள் அவர் அந்த வாடையுடன் நுழைய முடியாது. பொருளின் சட்டம் வேறு. இடத்தின் சட்டம் வேறு. மக்கள் அன்று செய்த தவறும் இன்று நாம் செய்யும் தவறும் ஒன்றே: இடத்தைப் பற்றிய கட்டளையைப் பொருளைப் பற்றிய தீர்ப்பாகப் புரிந்துகொள்கிறோம். புகையிலை முழுக்க முழுக்க ஆகுமானது என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டாலும், ஸஃப்பில் அருகில் நிற்பவரின் மூச்சுக்கு உள்ள உரிமை அணுவளவும் குறையாது. பூண்டு வாடையால் எவரும் இறப்பதில்லை. புகையிலைப் புகையின் கதை அதுவன்று. ஜப்பானிய அறிஞர் ஹிராயாமா, தாம் புகைக்காத, நாற்பது வயதைத் தாண்டிய 91,540 மனைவியரைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1981-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கணவர் எவ்வளவு மிகுதியாகப் புகைத்தாரோ, அவ்வளவு மிகுதியாக நுரையீரல் புற்றுநோய் மனைவியரைத் தாக்கியிருந்தது. அப்பெண்கள் ஒரு சிகரெட்டையும் கையால் தொட்டவர்கள் அல்லர்.

இனி, நம் பகுதியில் வழங்கும் வாதங்களுக்கு வருவோம்.

யாரும் ஆட்சேபிக்கவில்லையே என்பது அவற்றுள் நயமானது. கண்ணியமான மனிதர்களே இதைச் சொல்கிறார்கள். அருகில் இருப்பவர் ஒரு சொல் சொன்னால் அணைத்துவிடுவேன் என்கிறார்கள், அணைத்தும் விடுகிறார்கள். இந்த வாதத்துக்கு இந்திய இரயில்வேயில் ஒரு சுவையான வரலாறு உண்டு. தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856-இல் இராயபுரம் நிலையத்திலிருந்துதான் புறப்பட்டது. ஆகவே இந்த வரலாற்றைக் கேட்க நமக்குத் தனி உரிமையே உண்டு எனலாம். 1890-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம், புகைப்பதற்கென ஒதுக்கப்படாத பெட்டியில், உடன் பயணம் செய்பவர்களின் சம்மதம் இல்லாமல் புகைப்பது குற்றம் என்றது. நூறு ஆண்டுகள் கழித்து வந்த 1989-ஆம் ஆண்டின் சட்டமோ, மற்றொரு பயணி ஆட்சேபித்தால் புகைக்கக் கூடாது என்றது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஒன்றல்ல. முன்னதில் கேட்க வேண்டிய கடமை புகைப்பவருடையது. பின்னதில் பேச வேண்டிய சுமை புகையைச் சுவாசிப்பவர்மீது ஏற்றப்பட்டுவிட்டது. இரயில்வே நிருவாகம் தானே முழுத் தடை விதிக்கவும் அந்தச் சட்டத்தில் இடமிருந்தது என்பது வேறு செய்தி. ஒரு நூற்றாண்டில் நம் மனப்போக்கு எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதற்கு இந்த ஒரு பிரிவின் சொல்மாற்றமே சான்று. வெள்ளையர் ஆட்சிக் காலத்துச் சட்டம் இவ்வொன்றிலாவது நம்முடையதைவிட நாகரிகமாக இருந்தது என்று சொல்ல நேர்வது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஏனெனில் மௌனம் என்பது எப்போதும் சம்மதம் ஆகாது. பட்டறை முதலாளி சிகரெட்டைப் பற்றவைக்கையில், சேர்ந்து மூன்று நாளான எடுபிடிப் பையன் ஆட்சேபிப்பானா? சரக்குப் பதிவு அலுவலகத்தில் சீட்டுக்காகக் காத்திருக்கும் லாரி ஓட்டுநர், சீட்டில் முத்திரை வைக்க வேண்டியவரிடம் ஆட்சேபிப்பாரா? மாமனாரிடம் மருமகள்? ஃபிக்ஹு நூல்களில் கன்னிப் பெண்ணின் நிக்காஹுக்கு அவளது மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படுகிறது என்பதை நாம் அறிவோம். அங்கேகூட, முதலில் அவளிடம் கேட்டாக வேண்டும். கேட்காமலேயே மௌனத்தைப் படிக்க எவருக்கும் உரிமை இல்லை. தேநீர்க் கடையில் மேசை துடைக்கும் சிறுவனிடம் யார் கேட்டார்கள்?

இந்த மௌனத்தைப் பொருட்படுத்திய பெருமை கேரள உயர் நீதிமன்றத்தைச் சேரும். 1999 ஜூலை 12 அன்று அந்நீதிமன்றம், பொது இடங்களில் புகைப்பது சட்டவிரோதம் என்றும், பிறர் விடும் புகையைக் கட்டாயமாகச் சுவாசிக்க வைப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அளிக்கும் உயிர் வாழும் உரிமைக்கு எதிரானது என்றும் தீர்ப்பளித்தது. 2001 நவம்பர் 2 அன்று, முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, கல்விக்கூடம், நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பேருந்து, இரயில் ஆகியவற்றில் புகைப்பதை நாடு முழுவதும் தடுத்தது. 2003-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன் கீழ் 2008-இல், தமிழ்நாட்டைச் சேர்ந்த அன்புமணி இராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, உணவகமும் தொழிலகமும் உட்பட மூடிய பொது இடங்கள் அனைத்துக்கும் விதிகள் வந்தன. அபராதம் 200 ரூபாய் வரை. யாரும் ஆட்சேபிக்கத் தேவையில்லாமலேயே ஆட்சேபணையைச் சட்டம் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. எடுபிடிப் பையனுக்காக அது பேசியது.

ஆனால் வடசென்னையில் இவற்றையெல்லாம் விட வலுவான வாதம் ஒன்று உண்டு. அதனை எளிதாகத் தள்ளிவிட்டுச் செல்பவர்கள் இப்பகுதியின் காற்றைச் சுவாசித்தவர்களாக இருக்க முடியாது.

எண்ணூரில் அனல் மின்நிலையம் 1970-இல் மின்சாரம் தரத் தொடங்கி, 2017-இல் மூடப்பட்டது. வடசென்னை அனல் மின்நிலையம் 1994 முதல் இயங்குகிறது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969 முதல் இருக்கிறது. உர ஆலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் அதைச் சூழ்ந்து பெருகின. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல் படிந்து, இறால் பிடித்துப் பிழைத்த மக்களின் துறைகள் தூர்ந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிற்று. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, ஓர் உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இப்படி ஒரு மண்ணில் வாழும் தொழிலாளி, இரவு வேலை முடித்துத் தேநீர்க் கடைக்குள் அமர்ந்து ஒரு பீடியைப் பற்றவைக்கிறார். அவரிடம் போய், உமது புகை பிறருக்குத் தீங்கு என்றால் அவர் என்ன சொல்வார்? தலைக்கு மேலே அந்தப் புகைபோக்கியைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசும் என்பார். எட்டு மணி நேர வேலையில் அவருக்கென்று வாய்த்த ஐந்து நிமிட ஓய்வு அந்தப் பீடி. அதன் விலை சில காசுகள். அதையும் பறிக்க ஒரு சட்டம், புகைபோக்கிக்கு ஓர் உரிமம் என்றால், அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

கோபம் நியாயமானது, ஆயினும் அதிலிருந்து அவர் வந்தடையும் முடிவு அவருக்கே பகையாகிறது. முதலில், வெளிக்காற்று எவ்வளவு கெட்டிருந்தாலும், கதவும் கூரையும் உள்ள அறைக்குள் அதற்கு மேல் புகையிலைப் புகையும் சேர்ந்தால் அது கூடுதல் சுமையேயாகும். ஏற்கெனவே நலிந்த நுரையீரலுக்கு அது இன்னும் கொடிது. இதனினும் முக்கியமானது வேறொன்று. ஆலை நிருவாகத்தின் வாதங்களை ஒருமுறை செவிகொடுத்துக் கேளுங்கள். என் நிலத்தில் என் ஆலை, உரிமம் பெற்றிருக்கிறேன், இதுவரை யாரும் எழுத்து மூலம் ஆட்சேபிக்கவில்லை, இப்பகுதிக் காற்று கெட்டிருப்பதற்கு நான் மட்டுமா காரணம், பக்கத்து ஆலையைப் போய்க் கேளுங்கள். தேநீர்க் கடையில் பீடியுடன் அமர்ந்திருப்பவர் கூறிய அதே நான்கு வாக்கியங்கள். இந்த வாக்கியங்கள் சிறிய அறையில் செல்லுமென்றால் பெரிய வானத்திலும் செல்லும். தாம் வெறுக்கும் அதிகாரத்தின் மொழியையே அத்தொழிலாளி தம்மை அறியாமல் பேசிக்கொண்டிருக்கிறார்.

கப்பலை உவமையாகக் கொண்ட ஒரு நபிமொழியை நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். துறைமுகத்துக்காரர்களான நமக்கு அது நன்கு விளங்கும். சீட்டுக் குலுக்கி இடம் பிரித்துக்கொண்ட ஒரு கூட்டத்தாரில் சிலருக்கு மேல்தட்டும் சிலருக்குக் கீழ்த்தட்டும் கிடைத்தன. கீழே இருந்தவர்கள் நீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே ஏறிச் செல்ல வேண்டியிருந்தது. மேலே உள்ளவர்களுக்குத் தொல்லை தர வேண்டாமே என்று எண்ணி, தம் பங்கில் ஒரு துளையிட்டுக்கொள்ள முனைந்தனர். மேலே உள்ளவர்கள் அவர்களை அப்படியே விட்டுவிட்டால் அனைவரும் அழிவர். கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் பிழைப்பர் என்பது அதன் கருத்து. இவ்வுவமையில் துளையிட முனைந்தவர்கள் தீயவர்களாகச் சித்திரிக்கப்படவில்லை என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அவர்களுக்குத் தாகம் இருந்தது. பிறருக்குத் தொல்லை தரக் கூடாது என்ற எண்ணமும் இருந்தது. தம் பங்கு என்ற உரிமையும் இருந்தது. இருந்தும் கடலில் மிதக்கும் பலகைக்கு என் பங்கு, உன் பங்கு என்ற பாகுபாடு தெரியாது. மேல்தட்டுக்காரர்களுக்கும் இதில் ஒரு குட்டு உண்டு. கீழே உள்ளவர்களுக்கு நீர் எளிதில் கிடைக்க வழி செய்திருந்தால், உளியைத் தேடும் எண்ணமே எழுந்திராது.

சட்டத்தின் மேல்தட்டுத்தனத்தையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். 2008-இன் விதிகள் முப்பது அறைகளுக்குக் குறையாத விடுதிகளிலும், முப்பது பேருக்குக் குறையாமல் அமரக்கூடிய உணவகங்களிலும், விமான நிலையங்களிலும் புகைப்பதற்கெனத் தனி இடம் அமைத்துக்கொள்ள அனுமதித்தன. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் அருகே பத்துப் பேர் அமரும் தேநீர்க் கடைக்கு அந்தச் சலுகை இல்லை. 200 ரூபாய் என்பது விமானப் பயணிக்கு ஒரு கோப்பைக் காப்பியின் விலை. மூட்டை சுமப்பவருக்கு அது ஒரு குடும்பத்தின் ஒருநாள் உணவு. இந்த ஏற்றத்தாழ்வை எடுத்துக்காட்டிச் சட்டத்தையே தள்ளிவிட வேண்டும் என்பார் சிலர். விமான நிலையத்துக் கண்ணாடி அறையைத் துடைக்க வரும் பெண்ணும் அருகில் இருப்பவர்தானே. அவருக்கும் சேர்த்துச் சலுகையை நீக்க வேண்டும் என்பதே என் கருத்து.

மேலப்பாளையம் போன்ற நம் ஊர்களில் பீடி சுற்றிக் குடும்பம் காக்கும் தாய்மார்களைப் பற்றி ஒரு சொல். மூடிய இடத்துத் தடை என்ற பேச்சு எழுந்தவுடன், ஏழைப் பெண்களின் வயிற்றில் அடிக்காதீர்கள் என்று அவர்களை முன்னிறுத்தி வாதிடுவோர் உண்டு. பீடி விற்பதையோ சுற்றுவதையோ இந்தச் சட்டம் தடுக்கவில்லை. அப்பெண்களுக்கு உண்மையில் பரிந்து பேச விரும்புவோர், காற்றோட்டமில்லாத வீட்டுக்குள் புகையிலைத் தூளை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் தூளியில் குழந்தையையும் போட்டுக்கொண்டு அவர்கள் சுவாசிப்பது என்ன என்பதையும், அவர்களுக்குக் கிடைக்கும் கூலி என்ன என்பதையும் பேசலாம்.

தீங்கைத் தடுக்கப் புறப்பட்டு, அதை இடம் மாற்றிவிட்டு நிறைவடைவது மனித இயல்பு. இதற்கு வடசென்னையே சான்று. சென்னைத் துறைமுகத்தில் கையாளப்பட்ட நிலக்கரியும் இரும்புத் தாதும் தூசாகப் பறந்து, துறைமுகத்தை ஒட்டிய இராயபுரம் பகுதி வீடுகளின் சுவரிலும் சோற்றிலும் படிந்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் தலையிட்டு, அச்சரக்குகளை அங்கே கையாளுவதை நிறுத்த ஆணையிட்டது. இராயபுரத்துக்காரர்கள் மூச்சு விட்டார்கள். சரக்கு எங்கே போயிற்று? எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. ஒரு தீங்கை அதைப்போன்ற மற்றொரு தீங்கால் நீக்கலாகாது என்பது நம் ஃபுகஹாக்கள் வகுத்த பொது விதிகளுள் ஒன்று. வேறோர் இடத்தில் வேறு ஒருவர் இருமத் தொடங்கினால், தீங்கு நீங்கிற்று என்று சொல்வதற்கில்லை.

இந்தக் கண்ணோடு பார்த்தபோது எனக்கு ஓர் ஐயம் இருந்தது. அலுவலகத்திலும் உணவகத்திலும் தடுக்கப்பட்ட புகை வீட்டுக்குள் புகுந்திருக்குமோ? எண்ணூரின் குடியிருப்புகளில் ஒரே அறையில் ஆறேழு பேர் உறங்குகிறார்கள். அங்கே அதிகாரி வர மாட்டார். அபராதச் சீட்டு வராது. மழை இரவில் கதவைச் சாத்திவிட்டு ஒருவர் பற்றவைத்தால், அந்த ஆறு பேரும் எங்கே எழுந்து போவார்கள்? இந்திய அரசின் சுகாதார அமைச்சகம் நடத்திய புகையிலைக் கணக்கெடுப்புகள் இரண்டு, இதற்கு நான் எதிர்பாராத விடையைத் தருகின்றன. 2009-10-இல், வீட்டில் பிறர் விடும் புகைக்கு ஆளான வயதுவந்தோர் நூற்றுக்கு 52.3 பேர். 2016-17-இல் அது 38.7 ஆகக் குறைந்தது. மூடிய பணியிடங்களிலோ முதலில் 29.9, பின்னர் 30.2. அதாவது சட்டம் நுழையாத வீட்டில் புகை குறைந்திருக்கிறது. சட்டம் பலகை மாட்டிய பணியிடத்தில் அது அசையவில்லை.

புகைப்பவர்களின் தொகையே அந்த ஆண்டுகளில் நூற்றுக்கு 14-இலிருந்து 10.7 ஆகக் குறைந்தது. வீட்டில் புகை குறைந்ததற்கு அது ஒரு காரணம். ஆனால் அக்காரணம் பணியிடத்துக்கும் பொதுவானதுதானே? அங்கே ஏன் குறையவில்லை? எனக்குத் தோன்றும் விடை இது: வீட்டில் இருமுவது யார் என்று தந்தைக்குத் தெரியும். மகள் இரவில் இழுக்கும் மூச்சின் ஒலி அவர் காதில் விழுகிறது. வாசலுக்குப் போய்ப் பிடியுங்களேன் வாப்பா என்று அவளால் சொல்ல முடிகிறது. மனைவி சொல்லாமல் சாளரத்தைத் திறந்து வைத்தாலே அவருக்கு விளங்கிவிடுகிறது. பணியிடத்தில் அருகில் இருப்பவர் வெறும் அருகில் இருப்பவர். அவர் வீட்டுக்குப் போய் இருமுவதை நாம் காண்பதில்லை. 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியது. தீப்பெட்டி ஆலை ஒன்றின் பெயரைத் தாங்கிய நிலையம் அது! அந்த இரயிலில் எவரும் புகைப்பதில்லை. பெட்டியில் கட்டுப்பாட்டுடன் நின்ற அதே மனிதர், இறங்கிச் சென்று கடைக்குள் அமர்ந்து, எதிரில் உண்பவரின் தட்டுக்கு மேல் புகை விடுகிறார். அவரால் இயலாது என்பதில்லை.

முகம் தெரியாதவருக்கு இழைக்கும் தீங்கில்தான் மார்க்கத்தின் மிகக் கடுமையான கணக்கு இருக்கிறது. இறைவனுக்குரிய கடமைகளில் நேர்ந்த குறையை அவன் நாடினால் மன்னிப்பான். ஹுகூகுல் இபாத் எனப்படும் மனிதர்களின் உரிமையில் கை வைத்தால், உரிமைக்குரியவர் பொறுத்தாலன்றி மீட்சி இல்லை என்று சிறுவயதில் ஓதிப் படித்திருக்கிறோம். ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் உற்றார் உறவினர், அண்டை அயலார் வீடு வீடாகச் சென்று, நான் ஏதேனும் தவறு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு வரும் அழகிய வழக்கம் நம்மிடம் உண்டு. கடன் பட்டவரைத் தேடிச் செல்லலாம். ஏசியவரைத் தேடிச் செல்லலாம். முப்பது ஆண்டுகள் மூடிய அறைகளில் புகைத்தவர் யாரைத் தேடிச் செல்வார்? பட்டறையில் உடன் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியல் அவரிடம் இல்லை. கடையில் மேசை துடைத்த சிறுவன் இப்போது எந்த ஊரில் இருக்கிறானோ! இந்தக் கடனின் கணக்குப் புத்தகம் நம் கையில் இல்லை என்பதே இதன் அச்சம். புகைப்பது மக்ரூஹ்தான் என்று தீர்ப்புக் கேட்டு ஆறுதல் அடைந்தவர், இந்தக் கணக்குக்கு எந்த ஆலிமிடம் தீர்ப்புக் கேட்பார்?

சட்டத்தை நடைமுறைப்படுத்துவது அரசின் வேலை என்று ஒதுங்கிவிட நமக்கு இடமில்லை. நம் கையிலேயே மூடிய இடங்கள் பல இருக்கின்றன. ஜமாஅத்துகள் நடத்தும் திருமண மண்டபங்கள், மதரஸாக்கள், சங்க அலுவலகங்கள், வாசகசாலைகள் ஆகியவை அனைத்தும் சட்டத்தின்படியும் பொது இடங்களே. ஒரு காலத்தில் நிக்காஹ் பந்தலில் வெற்றிலைத் தட்டோடு சிகரெட்டும் வைத்து உபசரிப்பது மரியாதையாகக் கருதப்பட்டது. இப்போது அவ்வழக்கம் பெரிதும் மறைந்துவிட்டது. ஆனால் விருந்து மண்டபத்தின் பின்னறையில், குளிரூட்டியின் பொருட்டுச் சாளரங்களை அடைத்துவிட்டு, ஊரின் பெரிய மனிதர்கள் பற்றவைத்துக்கொள்கிறார்கள். பரிமாறும் இளைஞர்கள் அந்த அறைக்குள் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். ஸஹன் தட்டைச் சுற்றி நால்வர் ஒன்றாக அமர்ந்து உண்ணும் நாகரிகத்தை உலகுக்குப் பெருமையோடு எடுத்துச் சொல்கிறோம். ஒரே தட்டில் கை வைப்பவர்கள் ஒரே காற்றையும் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

2008-இன் விதிகளில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. மூடிய பொது இடத்தின் உரிமையாளர், புகைப்பது குற்றம் என்று அறிவிக்கும் பலகையை வைத்தால் மட்டும் போதாது. மீறல் நேர்ந்தால் யாரிடம் முறையிட வேண்டும் என்று ஒருவரின் பெயரையும் அங்கே எழுதி வைக்க வேண்டும். ஆட்சேபிக்க அஞ்சும் பரிமாறும் இளைஞன், தான் நேரில் பேசாமல், அந்தப் பெயருக்குரியவரிடம் போய்ச் சொல்லலாம். அவர் எழுந்து வந்து, ஊர்ப் பெரியவரின் தோளைத் தொட்டு, வெளியே வாருங்கள் என்று சலாம் சொல்லி அழைக்க வேண்டும். நான் சென்ற மண்டபங்கள் சிலவற்றில் பலகை இருந்தது. பெயர் எழுத விட்ட இடம் வெறுமையாக இருந்தது. முத்தவல்லியிடம் கேட்டால், யார் பெயரை எழுதுவது, யாருக்கு மனத்தாங்கல் தேடிக்கொள்வது என்கிறார். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் பேசித் தீர்மானிக்க வேண்டிய பொருள்களின் வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.